பச்சை உடம்புக்காரி

முட்டையிட்டு முடித்த பச்சோந்தியை முதல்முறை பார்க்கிறவர்கள், அது சாகப்போகிறது என்றே நினைத்துவிடுவார்கள். முந்தின நாள்வரை இருபுறமும் புடைத்திருந்த வயிறு ஒட்டிப் போயிருக்கும். விலாவில் தோல் தளர்ந்து மடிந்து தொங்கும். வால் தொடங்கும் இடத்தில் இடுப்பெலும்பு துருத்தித் தெரியும். தனித்தனியே சுழலும் அந்தக் கண்கள் சற்று உள்வாங்கியிருக்கும். மூக்கின் மேலும், உதட்டோரத்திலும், இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்த விரல்களின் இடுக்கிலும் ஈரமண் காய்ந்து ஒட்டியிருக்கும். தரையிலிருந்து கிளைக்கு ஏறப் பார்த்து, பாதியில் நின்று மூச்சு வாங்கும்.

இந்த நிலையிலிருந்து மீண்டு வருவது அதற்கு முடியாத காரியமல்ல. உடம்பு எதை எதைச் செலவழித்தது என்று தெரிந்து, அதை முதல் இரண்டு வாரத்தில் திருப்பித் தந்துவிட்டால் போதும். தாய்ப் பச்சோந்தியை இழக்கும் வளர்ப்பாளர்கள் பெரும்பாலும் அந்த இரண்டு வாரத்தில்தான் இழக்கிறார்கள். முட்டை இறங்கியாயிற்று, ஆபத்து கழிந்தது என்று நிம்மதியாகி, குழியைத் தோண்டி முட்டைகளை எண்ணுவதில் மும்முரமாகிவிடுகிறார்கள்.

எந்தப் பச்சோந்தியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தின் முட்புதர்க் காடுகளிலும் வேலிகளிலும் வாழும் பச்சோந்தி ஒரே இனம்தான். 1768-ல் லாரன்ட்டி என்ற இயற்கையியலர் அதற்கு வைத்த பெயர் கமேலியோ சைலானிகஸ். இந்தியா முழுவதற்குமே சொந்தப் பச்சோந்தி இது ஒன்றுதான், இலங்கையிலும் உண்டு. கழுத்துச் சிவக்கத் தலையாட்டிக்கொண்டு வேலியில் உட்கார்ந்திருக்கும் ஓணானைக் காட்டிப் பலர் பச்சோந்தி என்பார்கள். அது வேறு குடும்பம். பச்சோந்தியின் கால்விரல்கள் குறடுபோல் கிளையைக் கவ்வும், வால் நுனி சுருளும், நடை தயங்கித் தயங்கி ஆடும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதைக் காக்கிறது. பிடிப்பது, விற்பது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். முட்டையிட்டுக் களைத்துக் கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளவும் அனுமதி இல்லை.

உலகெங்கும் வீடுகளில் வளர்க்கப்படுவது இன்னொன்று. ஏமன், சவூதி அரேபியா மலைச்சரிவுகளைச் சேர்ந்த கமேலியோ கேலிப்ட்ராட்டஸ். தலையில் உயர்ந்த கொண்டை கொண்டது. ஏமன் பச்சோந்தி என்று வைத்துக்கொள்வோம். இதுவும் கண்டபடி வாங்கி வளர்க்கக்கூடியதல்ல. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. வன உயிரினச் சட்டத்தில் 2022-ல் வந்த திருத்தமும், 2024-ல் வந்த பதிவு விதிகளும், இப்படிப்பட்ட அயல்நாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர் 'பரிவேஷ்' இணையவாசலில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. அது குஞ்சு பொரித்தாலும் தெரிவித்தாக வேண்டும். பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளுக்குள் ஊர்வனவற்றைச் சுருட்டி அடைத்துக் கொண்டுவந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபடுகிறவர்களைப் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறது. அந்தப் பயணத்தில் தண்ணீரில்லாமல் வாடிய பெண் பச்சோந்தி ஒன்று யாராவது ஒருவர் வீட்டில் முட்டையிடும்போது, அதன் சிறுநீரகம் ஏற்கெனவே பாதி கெட்டிருக்கக்கூடும். காகிதம் இல்லாத பிராணியை வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்குச் சட்டம் ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

இரண்டு இனங்களுக்கும் உடம்பு நடத்தும் கணக்கு ஒன்றுதான். ஏமன் பச்சோந்தியை ஆயிரக்கணக்கானவர்கள் கூண்டில் வைத்துக் கவனித்திருப்பதால், நம் ஊர்ப் பச்சோந்தி புதருக்குள் படும் பாட்டையும் அதைக் கொண்டு புரிந்துகொள்ள முடிகிறது. நம் ஊர்ப் பச்சோந்தியின் இனப்பெருக்கம் பற்றி எல்.ஏ.கே. சிங், எல்.என். ஆசார்ஜியோ, எச்.ஆர். பஸ்டர்ட் மூவரும் 1984-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரை, இத்துறைக்கு வருகிற மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய ஒன்று.

முட்டை எங்கிருந்து வருகிறது? கருப்பையிலிருந்து என்பது பாதிப் பதில்தான். வேலை தொடங்குவது கல்லீரலில். சூலகத்திலிருந்து ஈஸ்ட்ரோஜன் இரத்தத்தில் ஏறியதும், கல்லீரல் விட்டெல்லோஜெனின் என்ற புரதத்தைத் தயாரிக்கத் தொடங்குகிறது. கொழுப்பும் பாஸ்பரஸும் கால்சியமும் இந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இரத்தத்தில் பயணம் செய்து, சூலகத்தில் மஞ்சள்கருவாகச் சேர்கின்றன. அந்த நாட்களில் தாயின் இரத்தத்தைச் சோதித்தால் கால்சியம் ஏகத்துக்கு உயர்ந்திருக்கும். அதைப் பார்த்துத் தாய் செழிப்பாக இருக்கிறாள் என்று முடிவு கட்டக்கூடாது. பெரும்பகுதி புரதத்தோடு கட்டுண்டு முட்டைக்குப் போய்க்கொண்டிருக்கிற கால்சியம் அது. தசை சுருங்கவும் நரம்பு பேசவும் தேவையான கட்டில்லாத கால்சியம் குறைவாகவே இருக்கலாம்.

கோழிக்குக் கால்சியம் முக்கியமாக ஓட்டுக்குப் போகிறது. நாமக்கல் பண்ணைகளில் முட்டைக்கோழித் தீவனத்தில் கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்ப்பது அதற்காகத்தான். பச்சோந்தி முட்டைக்கு அப்படிப்பட்ட கெட்டி ஓடு கிடையாது. தோல்போன்ற வெள்ளை உறைதான். இதனால் கால்சியம் அதிகம் தேவைப்படாது என்று தோன்றும். ஆனால் ஓணான், பல்லி, பாம்பு இனங்களில் கருவின் எலும்புக்கு வேண்டிய கால்சியத்தில் பெரும்பங்கு மஞ்சள்கருவுக்குள்ளேயே வைத்து அனுப்பப்படுகிறது. ஏமன் பச்சோந்தி ஒரு ஈட்டில் 20 முதல் 70 முட்டைவரை இடும். அதற்கு மேலும் இட்டதுண்டு. அத்தனை கருவுக்கும் எலும்புப் பொருளைத் தீனி கொடுக்காவிட்டால், தாயின் எலும்பு கொடுக்கும். தாடையும் தொடை எலும்பும் மெதுவாகக் கரையும்.

ஆண் துணையே இல்லாமலும் இது நடக்கிறது என்பதுதான் வளர்ப்பவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. பிறந்த ஆறாவது, ஏழாவது மாதத்திலேயே பெண் ஏமன் பச்சோந்தி கருவுறாத முட்டைகளை உருவாக்கத் தொடங்கிவிடும். ஆணோடு ஒருமுறை சேர்ந்தால் விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு அடுத்த ஈட்டுக்கும் பயன்படுத்தும். கருவுற்றதோ இல்லையோ, தாய் உடம்பிலிருந்து போகும் கால்சியமும் கொழுப்பும் நீரும் ஏறக்குறைய ஒன்றுதான்.

குழி தோண்டுவதும் லேசான வேலை அல்ல. மரத்தில் வாழ்வதற்கென்றே வார்த்த கால்களால் மண்ணைப் பறிக்க வேண்டும். முன்கால்கள் சுரண்ட, பின்கால்கள் மண்ணை வெளியே தள்ள, தலை உள்ளே போய், பிறகு உடல் முழுவதும் மறைந்து, வால் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே தெரியும். ஓரிடத்தில் வேர் தட்டினாலோ கல் தட்டினாலோ விட்டுவிட்டு வேறிடத்தில் மீண்டும் தொடங்கும். ஒரு பகல் முழுக்கத் தோண்டி, இரவில் குழிக்குள்ளேயே தூங்கி, மறுநாள் இடுவதும் உண்டு. இட்டு முடித்ததும் வெளியே வந்து மண்ணைத் தள்ளிக் குழியை மூடி, கால்களால் தட்டிக் கெட்டிப்படுத்தும். இந்த மூடும் வேலையை அது முடிக்கும்வரை ஒருவரும் கிட்டே போகக்கூடாது. எத்தனை முட்டை என்று எட்டிப் பார்த்த ஒரு தலையைக் கண்டு மிரண்டு, மிச்சத்தை வயிற்றிலேயே அடக்கிக்கொண்டு மேலே ஏறிவிடும் தாய்களும் உண்டு. உள்ளே தங்கும் அந்த முட்டைகள் உயிருக்கே உலை வைக்கலாம்.

கூண்டில் வளர்ப்பவர் இதற்காக முன்கூட்டியே இடம் செய்துவைத்திருக்க வேண்டும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் கிடைக்கும் 20 லிட்டர் பெயிண்ட் வாளியை நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்தால் போதும். ஒரு அடி ஆழத்துக்குக் கழுவிய மணல். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. அந்த ஈரத்தில்தான் சுரங்கம் சரியாமல் நிற்கும்.

இனி, இட்டு முடித்த பிறகு. முதல் தேவை தண்ணீர். சாப்பாடு அதற்கு அப்புறம்தான். பச்சோந்தி கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரைத் தண்ணீரென்றே கண்டுகொள்வது அரிது. இலையில் உருளும் துளியைத்தான் அது நக்கிக் குடிக்கும். எனவே தெளிப்பானால் இலைகள் மேல் மென்மையாக, ஐந்து பத்து நிமிடம் விடாமல் தெளிக்க வேண்டும். முதல் ஓரிரு நிமிடம் அது கண்ணை மூடித் தன் கண்ணைக் கழுவிக்கொண்டிருக்கும். குடிக்கத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். அவசரக்காரர்கள் அதற்குள் நிறுத்திவிடுகிறார்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் புதிய டிரிப் செட்டை ஒரு தண்ணீர்ப் பாட்டிலில் மாட்டி, இரண்டு விநாடிக்கு ஒரு சொட்டு இலையில் விழும்படி வைத்துவிட்டால், நாம் இல்லாத நேரத்திலும் அது வேண்டியபோது குடிக்கும். சிரிஞ்சால் வாயைத் திறந்து பீய்ச்சக்கூடாது. நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுத்துளை இருக்கிறது. நுரையீரலுக்குள் தண்ணீர் போனால் களைத்த உடம்பு தாங்காது.

போதுமான தண்ணீர் உள்ளே போகிறதா என்று அதன் எச்சமே சொல்லிவிடும். எச்சத்தோடு வரும் யூரேட் கட்டி வெள்ளையாக இருந்தால் நல்லது. ஆரஞ்சு நிறத்தில் கெட்டியாக இருந்தால் உடம்பு வற்றியிருக்கிறது.

அடுத்தது தனிமை. கூண்டின் மூன்று பக்கத்தையும் துணியால் மறைத்துவிடுங்கள். கையில் எடுப்பது, உடம்பில் ஒட்டிய மண்ணைத் துடைப்பது, பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவது எல்லாம் ஒரு வாரத்துக்கு வேண்டாம். பச்சோந்திக்கு மனிதக் கை ஆறுதல் தராது. பிடிக்கும்போது அது அசையாமல் இருப்பதைச் சாதுவாக இருக்கிறது என்று எண்ணிவிடுகிறோம். அச்சத்தில் உறைந்து நிற்கும் பிராணியும் அப்படித்தான் இருக்கும்.

வெயில் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட வளர்ப்புக் குறிப்புகள் சூடேற்றும் விளக்கைப் பற்றியே அதிகம் பேசும். திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில் மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் இருக்கும் அறையில் அந்த விளக்கு எமன். முட்டையிட்ட தாய் வெயில் காயும் கிளையில் 27 முதல் 29 டிகிரி செல்சியஸ் கிடைத்தால் போதும். நம் வீடுகளில் மின்விசிறிக் காற்றோட்டமும் இரவுக் குளிர்ச்சியும்தான் தேடித் தர வேண்டியவை. ஆனால் சூரியன் வேறொன்றுக்காகத் தேவை. அதன் புறஊதா-பி கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். டி3 இருந்தால்தான் குடல் கால்சியத்தை உறிஞ்சும். சன்னல் கண்ணாடி இந்தக் கதிரில் ஏறக்குறைய முழுவதையும் தடுத்துவிடுகிறது. கண்ணாடிக்கு உள்ளே வெயில் படுகிறதே என்று திருப்திப்பட்டுக்கொண்டிருந்த வீடுகளில்தான் எலும்பு வளைந்த பச்சோந்திகளைப் பார்க்க நேர்கிறது. காலை வெயிலில், பாதி நிழல் விழும்படி, வலைக்கூண்டோடு வெளியே அரைமணி நேரம் வைப்பது நல்ல வழி. கண்ணாடித் தொட்டியை ஒருபோதும் வெயிலில் வைக்கக்கூடாது; சில நிமிடத்தில் உள்ளே அவிந்துவிடும்.

தண்ணீர் குடித்து, ஒரு நாள் ஓய்ந்து, கண் பழையபடி திரளத் தொடங்கியதும் பசி வரும். பாச்சை, வெட்டுக்கிளி, பட்டுப்புழு எது கொடுத்தாலும் சிறியதாகக் கொடுங்கள். நாக்கை வீசக்கூடத் தெம்பில்லாத தாய்க்குக் கிண்ணத்தில் வைத்துக் கிளையருகே பிடிக்கலாம். பூச்சிகளின் உடம்பில் கால்சியத்தைப் போலப் பல மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. இது கால்சியத்தைக் குடலிலேயே தடுத்துவிடும். இதனால்தான் ஒவ்வொரு பூச்சியையும் பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் கார்பனேட் தூளில் புரட்டிக் கொடுக்கச் சொல்கிறார்கள். அதைவிட நல்லது, பூச்சிக்கு முதல் நாளே நல்ல சாப்பாடு போடுவது. 100 கிராம் முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் இருக்கிறது. வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் விலை கொடுத்து வாங்கும் முருங்கைத் தூள் நம் கொல்லையில் இலையாகவே கிடக்கிறது. பாலக்கீரை வேண்டாம், அதிலிருக்கும் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு விடாது.

வயலில் பிடித்த வெட்டுக்கிளி சத்தானதுதான். ஆனால் பூச்சிமருந்து அடித்த நெல்வயலிலும், ஆலைகள் கழிவுத்தண்ணீர் விடும் ஓடைக்கரையிலும் பிடித்ததைக் கொடுக்காதீர்கள். சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கழிவை மட்கச் செய்வதற்காக இப்போது பலர் வளர்க்கும் பி.எஸ்.எஃப். (பிளாக் சோல்ஜர் ஃப்ளை) ஈயின் புழு, பூச்சிகளிலேயே கால்சியம் மிகுந்தது. கிடைத்தால் கொடுக்கலாம், அதற்கு என்ன தீனி போட்டார்கள் என்று கேட்டுக்கொண்டு.

இப்போது, மனசுக்கு ஒப்பாத ஒரு விஷயம். இந்தத் தாராளச் சாப்பாடு பத்துப் பதினைந்து நாளோடு நின்றுவிட வேண்டும். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், நான்கைந்து பூச்சி. பிள்ளை பெற்றவளைப் பட்டினி போடுவதா என்று கேட்கத் தோன்றும். ஏமன் பச்சோந்தியின் உடம்பு நிறைந்த சாப்பாட்டையும் சூட்டையும் நல்ல பருவம் வந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு கொழுப்புச் சேர்கிறதோ அவ்வளவு கருமுட்டை அடுத்த ஈட்டில் முற்றும். ஏராளமாகத் தின்று, சூடான விளக்கின் கீழ் இருக்கும் பெண் வருடத்துக்கு மூன்றுமுறை கூட இடும். ஒவ்வொரு முறையும் அறுபது, எழுபது. அளவாகத் தின்று, குளிர்ச்சியாக இருப்பது இருபது, முப்பதோடு நின்றுகொள்ளும். சில முட்டையிடாமலேயே பருவத்தைக் கடந்துவிடும். வளர்ப்பில் ஆண் ஆறேழு வருடம் வாழ, பெண் நான்கைந்தில் போய்விடுவதற்கு இந்த ஓயாத முட்டைதான் முக்கியக் காரணம். பாசத்தில் ஊட்டுகிற கைதான் அதன் ஆயுளைக் குறைக்கிறது என்பதை ஏற்றுக்கொள்வது கடினம். ஏற்றுக்கொண்டவர்கள் வீட்டில் தாய் நிலைத்திருக்கிறது.

முட்டையிட்டதும் செத்துப்போவதுதான் இயற்கை என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு மடகாஸ்கரின் லபோர்டு பச்சோந்தி ஆதாரமாகக் கிடைத்தது. 2008-ல் கார்ஸ்டன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு உலகையே வியக்கவைத்தது. அந்த இனம் எட்டொன்பது மாதம் முட்டைக்குள் இருக்கிறது. மழையோடு பொரித்து வெளியே வந்து நான்கைந்து மாதத்தில் வளர்ந்து, சேர்ந்து, முட்டையிட்டு, ஒரு தலைமுறை முழுவதும் மடிந்துவிடுகிறது. ஆண்டின் சில மாதங்களில் அந்த இனம் மண்ணுக்கடியில் முட்டையாக மட்டுமே இருக்கிறது. ஆனால் ஈரம் கூடுதலான கிரிண்டி காட்டில் பின்னர் நடந்த ஆய்வில், அதே இனம் அதைவிட நீண்ட காலம் வாழ்வது தெரிந்தது. அவ்வளவு குறுகிய ஆயுள் விதிக்கப்பட்ட இனத்திலேயே நீரும் பருவமும் ஆயுளை நீட்டுகின்றன என்றால், நம் பச்சோந்தி முட்டையிட்டதால் செத்தது என்று கைகழுவிவிட முடியாது.

கைவைத்தியத்துக்கு அப்பாற்பட்ட அடையாளங்கள் சில உண்டு. பகலில் கண்ணை மூடிக்கொண்டு கிளையில் தொங்குவது முதலாவது. உடல்நலமுள்ள பச்சோந்தி பகலில் தூங்காது. கால்விரல்கள் தானாகத் துடிப்பது, பிடி நழுவுவது, முழங்கையால் தவழ்வது, நாக்கு பாதி தூரமே போவது, தாடை ரப்பர்போல் வளைவது எல்லாம் இரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டதன் குறிகள். மருத்துவர் கால்சியம் குளூக்கோனேட் கொடுப்பார். அளவு தெரியாமல் நாம் ஊசி போட்டால் இதயம் நின்றுவிடக்கூடும். இட்டு முடித்த பிறகும் ஓயாமல் தரையில் அலைந்து மீண்டும் மீண்டும் குழி பறித்தால், உள்ளே முட்டை மிச்சம் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். எச்சத்துவாரத்தில் சிவந்த சதை வெளியே தள்ளியிருந்தால், சுத்தமான தண்ணீரில் நனைத்த துணியால் அதைக் காயவிடாமல் மூடிக்கொண்டு உடனே ஓட வேண்டும். தாமதித்தால் அந்தச் சதை கருகத் தொடங்கும்.

எங்கே ஓடுவது? கும்மிடிப்பூண்டியிலிருந்து புறநகர் ரயிலில் ஏறினால் சென்னை சென்ட்ரல். அங்கிருந்து வேப்பேரி பக்கம். 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. ஊர்வன பார்த்துப் பழகிய தனியார் மருத்துவர்கள் நகரத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய எண்ணைப் பெண் பச்சோந்தி வீட்டுக்கு வந்த அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்கும் மாட்டுக்கும் மட்டுமே மருந்து தெரிந்தவரிடம் நள்ளிரவில் கொண்டுபோய் நின்று, அவரையும் சங்கடப்படுத்தி, நேரத்தையும் இழப்பதில் பயனில்லை. கொண்டுபோகும்போது காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் ஒரு கிளையைக் குறுக்கே பொருத்தி, இருட்டாக மூடி வையுங்கள். கிளையைப் பிடித்திருந்தால் அதற்குப் பதற்றம் குறையும்.

முட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பல்லி, ஓணான் வகைகள் முட்டையிடும்போது உள்ளே கருவுக்குக் கைகால் முளைக்கத் தொடங்கியிருக்கும். பச்சோந்தி அப்படியல்ல. இன்னும் உறுப்பு எதுவும் பிரியாத, வெறும் செல்தட்டாக இருக்கும் ஆரம்பக் கட்டத்திலேயே அது முட்டையை மண்ணுக்குக் கொடுத்துவிடுகிறது. கருவளர்ச்சியைத் தொடக்கத்திலிருந்தே பார்க்க முடிகிறது என்பதால், அமெரிக்காவின் ஸ்டவர்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஏமன் பச்சோந்தியின் முட்டைகளை ஆய்வு மாதிரியாக வளர்க்கிறார்கள். பொரிக்க ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். ஆகவே முதல் நாளிலேயே முட்டைகளைத் தோண்டி எடுக்க எந்த அவசரமும் இல்லை. தாய் கிளைக்கு ஏறி, குடித்து, அடங்கிய பிறகு அந்த வாளியை ஓசையில்லாமல் வெளியே எடுத்தால் போதும்.

கூண்டுக்கு வெளியே, நம் மண்ணில், இதே பாட்டைப் படுகிற தாய்க்கு வாளியும் கிடையாது, டிரிப் செட்டும் கிடையாது. திருவள்ளூரின் செம்மண் கோடையில் கடப்பாரை இறங்காத அளவுக்கு இறுகிக் கிடக்கும். மழை பெய்து மண் இளகிய பிறகுதான் பச்சோந்தியின் நகத்துக்கு அது வழிவிடும். காரைச் செடியையும் சங்கம்புதரையும் கிளுவை வேலியையும் விட்டுத் தரையில் அது இறங்குவது பெரும்பாலும் முட்டையிடத்தான். வருடத்தில் அது மிகவும் பாதுகாப்பற்று இருக்கும் நேரம் அது. வேகமாக ஓடத் தெரியாது. ஓட முடியாதபோது பழுப்பேறி, வாயைப் பிளந்து சீறும். அந்தச் சீற்றத்தைப் பார்த்து விஷம் என்று கல்லால் அடித்தவர்கள் ஏராளம். பச்சோந்திக்கு விஷமே கிடையாது.

கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்கண்டிகையிலும் சிப்காட் மனைகளாக மாறிய நிலத்தில், அது இறங்கிவர இருந்த தரை வேறாகிவிட்டது. ஜே.சி.பி. சமன் செய்து, ரோலர் ஓட்டி, ஜல்லி கொட்டிய மண்ணில் எந்த மழைக்கும் குழி பறிக்க முடியாது. இளகிய மண்ணைத் தேடி அது வேலியைத் தாண்டி, பதினாறாம் எண் தேசிய நெடுஞ்சாலைக்கோ சர்வீஸ் ரோட்டுக்கோ வந்து சேர்கிறது. கன்டெய்னர் லாரிக்கு முன்னால் ஆடி ஆடி நடக்கும் ஒரு தாயின் வயிற்றில் ஒரு முழு ஈடு இருக்கிறது.

சாலையில் பார்த்தால் ஒரு குச்சியை முன்கால்களுக்கு அடியில் நீட்டுங்கள். அதுவே கவ்விக்கொள்ளும். எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்துப் புதரில் ஏற்றிவிட்டால் போதும். நல்ல காடாகப் பார்த்து விடுகிறேன் என்று பூண்டி ஏரிக்கரைவரை கொண்டுபோகாதீர்கள். தனக்குத் தெரிந்த கிளையும் நிழலும் தண்ணீர்த் துளியும் இருக்கும் இடத்தில்தான் பச்சை உடம்புக்காரி தேறுவாள். தோண்டிக்கொண்டிருந்தால் நாயையும் காகத்தையும் தொலைவில் நின்றே விரட்டுங்கள். மூடிவிட்டுக் களைத்து ஏறியதும், பக்கத்துப் புதர் இலைகளில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு வந்துவிடலாம். அடிபட்டிருந்தால் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். மருத்துவம் செய்ய அனுமதியும் வழியும் அவர்களிடம்தான் இருக்கிறது.

ஆலை நடத்துகிறவர்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு, அதற்குச் செலவும் இல்லை. சுற்றுச்சூழல் அனுமதி பெறும் தொழிற்சாலைகளுக்கு, மனைப்பரப்பில் ஒரு குறிப்பிட்ட பங்கு பசுமைப் பகுதி வேண்டும் என்று வழக்கமாக நிபந்தனை போடப்படுகிறது. அது பெரும்பாலும் வெட்டி வெட்டி விடும் புல்தரையாகவும் ஒரே வரிசைக் கொன்றையாகவும் முடிந்துவிடுகிறது. மாதம் ஒருமுறை பூச்சிமருந்தும் உண்டு. அதில் ஒரு மூலையை மட்டும் ரோலர் ஏறாத மண்ணாக, காரையும் சூரையும் பிரண்டையும் தானாக மண்டும் இடமாக விட்டுவிடலாம். மருந்து அடிக்காத அந்த மூலையில் வெட்டுக்கிளி இருக்கும், மழைக்குப் பிறகு மண் இளகும், முட்டையிட்ட தாய்க்கு உடனே ஏறிக்கொள்ளப் புதர் பக்கத்திலேயே இருக்கும். காவல் அறையில் இருப்பவர் எங்கே குழி மூடப்பட்டது என்று பார்த்துவிட்டால், வேலை நடக்கும் இடத்தில் கட்டுகிற அதே மஞ்சள்–கறுப்பு நாடாவை நான்கு குச்சியில் சுற்றிக் கட்டிவிடட்டும். மாதக்கணக்கில் அங்கே வண்டி நிறுத்தாமலும் மண் கொட்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். குஞ்சுகள் தாமாகவே மண்ணைத் துளைத்து வெளியே வந்து, வந்த அன்றே செடியில் ஏறிக்கொள்ளும்.